சைக்கிள் பையில் இன்சுலின்: செட்டிநாட்டில் நான்கு நாட்கள்

23 ஜனவரி 2025, வியாழன் – கானாடுகாத்தான்

மதியம் நானும் தம்பியும் வந்து சேர்ந்தோம். காரைக்குடியில் இறங்கியபோது சுள்ளென்று வெயில். கானாடுகாத்தான் தெருக்களுக்குள் நுழைந்ததும் நிழல். ஒரு தெருவில் தொடங்கி அடுத்த தெருவில் முடிகிற வீடுகள். முன்வாசலில் நின்றால் முகப்பு, வளவு, இரண்டாம் கட்டு, அடுப்படி என்று நிலைகள் ஒன்றுக்குள் ஒன்றாகத் தெரிகின்றன. கடைசியில் பின்வாசல் வெளிச்சம் ஒரு தபால்தலை அளவில். பாதி வீடுகள் பூட்டிக் கிடக்கின்றன. திண்ணையில் ஆடுகள் படுத்திருக்கின்றன.

நாங்கள் தங்கியிருக்கும் வீட்டில் ஓர் ஆச்சி இருக்கிறார். எழுபத்தைந்து வயதிருக்கும். இரண்டு அறைகளை வாடகைக்கு விடுகிறார். காலை, இரவு உணவோடு நாளுக்கு 1,800 ரூபாய். சைக்கிள் ஒன்றுக்கு நாள் வாடகை 200. கியர் இல்லாத பழைய சைக்கிள், ஆனால் எண்ணெய் போட்டுச் சுத்தமாக வைத்திருக்கிறார்கள்.

எனக்கு முதல் வகை நீரிழிவு. பதினாறு வயதில் வந்தது. இருபத்தோரு வருடங்கள் ஆகின்றன. இரவில் நீண்ட நேரம் வேலை செய்யும் இன்சுலின் 20 யூனிட், ஒவ்வொரு சாப்பாட்டுக்கு முன்னும் விரைவு இன்சுலின். பத்து கிராம் மாவுச்சத்துக்கு ஒரு யூனிட் என்பது என் கணக்கு. இன்றைய தேதியைத் தெரிந்தேதான் தேர்ந்தெடுத்தேன். 1922இல் டொராண்டோவில் லியோனார்ட் தாம்ப்சன் என்ற பதினான்கு வயதுச் சிறுவனுக்கு ஜனவரி 11 அன்று போட்ட முதல் இன்சுலின் ஊசி சரியாக வேலை செய்யவில்லை. கொலிப் என்ற உயிர்வேதியியலாளர் சுத்திகரித்துக் கொடுத்த மருந்தை ஜனவரி 23 அன்று மறுபடி போட்டார்கள். அவன் தேறத் தொடங்கினான். அதற்கு முன் இந்த நோய் வந்த பிள்ளைகளைப் பட்டினி போட்டுத்தான் சிறிது காலம் உயிரோடு வைத்திருந்தார்கள். அதனால் வருடந்தோறும் இந்த நாளில் எங்காவது நடப்பேன். இந்த முறை சைக்கிள்.

மாலை ஐந்து மணிக்கு அரண்மனைத் தெருவைச் சுற்றி, ஊருணிக் கரை வழியாக ஆறு கிலோமீட்டர் மிதித்தோம். கிளம்பும்போது ரத்தச் சர்க்கரை 168, திரும்பியபோது 142. மதிய ஊசியின் வேகம் ஓய்ந்திருந்த நேரம் என்பதால் இறக்கம் மெதுவாக இருந்தது. (இந்தக் குறிப்பில் வரும் சர்க்கரை எண்கள் எல்லாம் டெசிலிட்டருக்கு இத்தனை மில்லிகிராம் என்ற கணக்கு.)

இரவு வெள்ளைப் பணியாரமும் வரமிளகாய்ச் சட்னியும். பணியாரம் விரல் பட்டால் உடைகிற மென்மை. ஆச்சி பக்கத்தில் நின்றுகொண்டு, தட்டில் இரண்டு குறைந்தால் இரண்டு வைத்தார். எனக்கு இன்சுலின் போடும் வழக்கம் உண்டு என்று அவரிடம் சொல்லவில்லை. அறைக் கதவைச் சாத்திக்கொண்டு ஊசி போட்டுவிட்டு வந்தேன். அது பழைய பழக்கம். வரன் பார்த்த காலத்தில் வீட்டில் கற்றுக்கொடுத்தது. வரன் பேச்செல்லாம் நின்றுபோய்ப் பத்து வருடங்கள் ஆகியும் கை தானாகக் கதவைச் சாத்துகிறது.

பணியாரம் ஒன்றுக்கு ஆறு கிராம் இருக்கலாம் என்று மதிப்பிட்டு, நான்குக்கு இரண்டு யூனிட் போட்டேன். பதினோரு மணிக்குப் பார்த்தால் 204.

24 ஜனவரி 2025, வெள்ளி – ஆத்தங்குடி

காலையில் 188. வெளியே பனி. தெருவிளக்கைச் சுற்றி வெள்ளையாக நின்றது.

சாப்பிட்டு ஒன்றரை மணி நேரத்துக்குள் உடம்பை வருத்தப் போகிறோம் என்றால் அந்த வேளை ஊசியைக் குறைக்க வேண்டும். எவ்வளவு நேரம், எவ்வளவு வேகம் என்பதைப் பொறுத்துக் கால் பங்கிலிருந்து முக்கால் பங்கு வரை குறைப்பார்கள். எனக்குப் பாதி சரியாக வருகிறது. கணையம் நன்றாக இருப்பவர் மிதிக்க ஆரம்பித்ததும் அவர் உடம்பு இன்சுலின் சுரப்பைத் தானே இறக்கிவிடும். கல்லீரல் சர்க்கரையை அவிழ்த்து விடும். நான் ஊசியில் போட்டதை நடுவழியில் திரும்ப எடுக்க முடியாது. தசை தன் வேலைக்காகச் சர்க்கரையை இழுக்கும், போட்ட இன்சுலினும் இழுக்கும், கல்லீரலையும் அதே இன்சுலின் கட்டிப் போட்டிருக்கும். எட்டு மணிக்கு ஏறும் சைக்கிளுக்கான முடிவை ஏழு மணிக்கு இலை முன்னால் உட்கார்ந்தே எடுத்துவிட வேண்டும்.

இடியாப்பத்துக்கு 60 கிராம் என்று கணக்கிட்டு, ஆறுக்குப் பதில் மூன்று யூனிட். தொடையில் போடாமல் வயிற்றில். மிதிக்கிற தொடையில் போட்டால் மருந்து சீக்கிரம் ரத்தத்தில் ஏறிவிடும். ஊசி போட்டுவிட்டு வந்து உட்கார்ந்தால் ஆச்சி ஒரு கிண்ணத்தில் கவுனி அரிசி கொண்டுவந்து வைத்தார். பர்மாவிலிருந்து செட்டிநாட்டுக்கு வந்த கறுப்பரிசி. ஊறவைத்து, குழைய வேகவைத்து, சீனியும் தேங்காய்த் துருவலும் சேர்த்தது. வேண்டாம் என்று சொல்ல ஒரு காரணம் வேண்டும். என்னிடம் இருந்த ஒரே காரணத்தை மறைத்துவிட்டேன். சாப்பிட்டேன்.

கிளம்பும்போது 214. இந்த நிலையில் கிளம்பலாம். 126க்கும் 180க்கும் இடையே இருந்தால் நிம்மதி. 90க்குக் கீழே என்றால் முதலில் பத்து முதல் இருபது கிராம் குளுக்கோஸ். 270க்கு மேல் என்றால் கீட்டோன் (இன்சுலின் போதாதபோது ரத்தத்தில் சேரும் அமிலம்) பார்க்காமல் சைக்கிளைத் தொடக்கூடாது. செம்மண் சாலை, இரு பக்கமும் கருவேலம், எதிர்க்காற்று. வழியில் டீ 12 ரூபாய். எனக்குச் சீனி இல்லாமல் ஆற்றிக் கொடுத்த கடைக்காரர், கேட்காமலே இன்னொரு அரை டம்ளர் ஊற்றினார். ஆத்தங்குடியில் 151.

டைல்ஸ் பட்டறையில் இரண்டு மணி நேரம் நின்றிருப்பேன். கண்ணாடிச் சதுரத்தின் மேல் அச்சை வைத்து, ஒவ்வொரு கட்டத்திலும் வண்ணச் சிமெண்ட் கரைசலை ஊற்றுகிறார் ஒருவர். கை நடுங்குவதில்லை, சிந்துவதில்லை. அச்சை எடுத்துவிட்டு மேலே உலர் மணலும் சிமெண்டும் தூவி, பிறகு ஈரக் கலவை போட்டு மட்டம் தட்டுகிறார். அதன்பின் தண்ணீரில் ஊறப்போட்டு, எடுத்துக் காயவைக்கிறார்கள். கல் இறுகிய பின் கண்ணாடி தனியே பிரிகிறது. கல்லின் பளபளப்பு அந்தக் கண்ணாடியிலிருந்து வருவது. சூளையும் இல்லை, மெருகு இயந்திரமும் இல்லை.

மதியச் சாப்பாட்டுக்கு முன் அங்கேயே தாழ்வாரத்தில் ஒதுங்கி, முதுகைத் திருப்பிக்கொண்டு அவசரமாக ஊசி போடப் போனேன். இன்சுலின் பேனா கை நழுவித் தரையில் விழுந்தது. ஆத்தங்குடிக் கல் தரை. உள்ளே இருந்த கண்ணாடிக் குழல் விரிசல் விட்டு, மருந்து கசிந்து, மருத்துவமனை வாசனை எழுந்தது. மாற்றுப் பேனா எங்கள் ஊர் வீட்டுக் குளிர்சாதனப் பெட்டியின் கதவில் இருக்கிறது. எடுத்து வைக்காமல் வந்தது என் தவறு.

தம்பி மருந்துச் சீட்டின் படத்தோடு காரைக்குடிக்குப் பஸ் ஏறினான். மூன்று கடைகளில் என் விரைவு இன்சுலின் இல்லை. திங்கட்கிழமைதான் வரும் என்றார்கள். நான்காவது கடைக்காரர் என்னிடமே போனில் பேசினார். ரெகுலர் இன்சுலின் என்ற பழைய வகைக் குப்பி இருக்கிறது, மருத்துவரிடம் கேட்டுவிட்டுச் சொல்லுங்கள் என்றார். கேட்டுச் சொன்னேன். "குப்பி 40 யூனிட் அம்மா. சிவப்பு மூடி சிரிஞ்சுதான் தருகிறேன். 100 யூனிட் சிரிஞ்ச் கையில் இருந்தால் தயவுசெய்து இதற்கு எடுத்துவிடாதீர்கள்" என்று இரண்டு முறை சொன்னார். பேனாவில் இருப்பது மில்லிக்கு 100 யூனிட். நம் ஊர்க் குப்பிகளில் பெரும்பாலும் 40. சிரிஞ்ச் மாறினால் அளவு இரண்டரை மடங்கு கூடும் அல்லது குறையும். முகம் பார்க்காத ஒருவருக்காக அவர் எடுத்துக்கொண்ட அக்கறையை நினைத்துக்கொண்டே இருக்கிறேன். குப்பி 160 ரூபாய்க்குள் முடிந்தது.

தம்பி திரும்பும்வரை இரண்டு அவித்த முட்டை மட்டும் சாப்பிட்டேன். நான்கு மணிக்கு 246. மிதித்தாலே இறங்கும் என்பதால் தனியாக ஊசி போடவில்லை. கானாடுகாத்தானில் 171.

25 ஜனவரி 2025, சனி – திருமயம்

இதை எழுதும்போது இரவு பத்து மணி. உடம்பு இன்னும் களைப்பாக இருக்கிறது.

மருத்துவர் நேற்றே சொல்லியிருந்தார்: அதே யூனிட், ஆனால் சாப்பாட்டுக்கு அரை மணி நேரம் முன்னால் போட வேண்டும், இது ஊறி வரவும் நேரமாகும், ஓயவும் நேரமாகும். முதல் பாதியைச் சரியாகப் பின்பற்றினேன். ஆறரைக்கு ஊசி, ஏழுக்கு இட்லி, வழக்கம்போலப் பாதி அளவு. இரண்டாம் பாதியின் பொருள் திருமயம் மலை மேல்தான் புரிந்தது. விரைவு இன்சுலின் ஒன்று ஒன்றரை மணி நேரத்தில் உச்சிக்குப் போய் இறங்கத் தொடங்கும். ரெகுலருக்கு உச்சம் இரண்டிலிருந்து நான்கு மணி நேரம். அதாவது எட்டரையிலிருந்து பத்தரை. நான் கோட்டை ஏறிய நேரம் சரியாக அதுதான். போதாததற்கு, நேற்று மிதித்த கால்கள் இன்றும் சர்க்கரையை வழக்கத்தைவிடத் தாராளமாக இழுக்கும். உழைப்பின் அந்த விளைவு ஒரு நாள் வரைகூட நீடிக்கும்.

கிளம்பும்போது 156. புதுக்கோட்டைச் சாலையில் லாரிகள் அதிகம். எட்டரை மணிக்கு ஒரு பூவன் பழம். ஒன்பதே காலுக்குக் கோட்டை வாசலில் 118. அந்த எண்ணைப் பார்த்து நிம்மதியடைந்தேன். 118 நல்ல எண்தான், நின்றுகொண்டிருக்கும் ஒருவருக்கு. முக்கால் மணியில் முப்பத்தெட்டு இறங்கியிருக்கிறது என்று படித்திருக்க வேண்டும். குளுக்கோஸ் பொடி இருந்த பையைச் சைக்கிளிலேயே மாட்டிவிட்டு, சோதனைக் கருவியை மட்டும் கையில் எடுத்துக்கொண்டு ஏறினேன்.

ராமநாதபுரம் சேதுபதி 1687இல் கட்டிய கோட்டை. ஒரே பாறை; அதன் வயிற்றில் குடைந்த சன்னதி; உச்சியில் கொத்தளமும் பீரங்கியும். பாறை வெயிலில் சூடேறத் தொடங்கியிருந்தது. வியர்த்தது. ஏறினால் எல்லோருக்கும் வியர்க்கும் என்பதால் அதைப் பொருட்படுத்தவில்லை. உழைக்கும்போது இதுதான் ஆபத்து: சர்க்கரை இறங்குவதன் அடையாளங்களான வியர்வை, படபடப்பு, கால் தளர்வு எல்லாமே மலையேறுவதன் அடையாளங்களும்தான். கொத்தளத்தில் தம்பி ஏதோ கேட்டான். அவன் மேல் காரணமில்லாமல் கோபம் வந்தது. பதில் சொல்ல வாயெடுத்தால் வார்த்தை வரவில்லை. அவன் என் முகத்தைப் பார்த்தான். என் கையிலிருந்த கருவியை வாங்கி அவனே விரலில் குத்தினான். 54.

பை கீழே இருந்தது. "அக்கா, உட்கார். நகராதே" என்று சொல்லிவிட்டு அவன் அங்கிருந்தவர்களைப் பார்த்துச் சத்தமாகக் கேட்டான்: "அக்காவுக்குச் சர்க்கரை இறங்கிவிட்டது. இன்சுலின் போடுகிறவர். இனிப்பாகக் குடிக்க ஏதாவது இருக்கிறதா?" இருபத்தோரு வருடமாக நான் பொது இடத்தில் சொல்லாத வாக்கியம்.

தேவகோட்டையிலிருந்து வந்திருந்த ஒரு வயதான தம்பதி தங்கள் பேரனோடு நிழலில் உட்கார்ந்திருந்தார்கள். அந்த அம்மாள் உடனே தூக்குச் சட்டியைத் திறந்து அதிரசத்தை நீட்டினார். தம்பி கும்பிட்டுவிட்டு, எண்ணெயில் பொரித்தது என்றால் இனிப்பு மெதுவாகத்தான் ஏறும், இப்போது சீக்கிரம் ஏற வேண்டும் என்றான். ஏழெட்டு வயதுப் பேரன் தன் மாம்பழச் சாற்றுப் பாட்டிலைப் பார்த்தான், என்னைப் பார்த்தான், மூடியைத் திறந்து என் கையில் கொடுத்தான். அரை டம்ளர் அளவு குடிக்க வேண்டும். பதினைந்து கிராம் சீனிக்கு அது போதும். பிறகு பதினைந்து நிமிடம் காத்திருந்து மறுபடி பார்க்க வேண்டும். அந்தப் பதினைந்து நிமிடம் முழுக்க அந்தப் பெரியவர் தன் குடையை விரித்து என் தலைக்கு மேல் பிடித்துக்கொண்டு நின்றார். எதுவும் கேட்கவில்லை. எத்தனை வருடமாக, எப்படி வந்தது, கல்யாணம் ஆகிவிட்டதா, எதுவுமே. 71. இன்னும் அரை டம்ளர். மறுபடி பதினைந்து நிமிடம். 96. அதன்பிறகுதான் அந்த அம்மாள், "இப்போது அதிரசம் சாப்பிடலாமா?" என்று தம்பியிடம் கேட்டார். சாப்பிடலாம். இறங்கிய சர்க்கரை ஏறிய பின் அது மறுபடி சரியாமல் பிடித்து நிறுத்த அந்த மாவு உதவும். பேரனுக்கு வேறு பாட்டில் வாங்கித் தரக் காசு கொடுக்கப் போனோம். பெரியவர் தம்பியின் கையை மடக்கி மூடிவிட்டார்.

திரும்ப மிதிக்கவில்லை. ஒரு சரக்கு ஆட்டோவில் சைக்கிள்களை ஏற்றினோம். 400 ரூபாய் கேட்டவர், என் முகத்தைப் பார்த்துவிட்டு 300 வாங்கிக்கொண்டார்.

மாலையில் ஆச்சியிடம் சொன்னேன். வளவில் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். பேசாமல் முழுவதையும் கேட்டார். "முதல் நாளே சொல்லியிருக்கக் கூடாதா ஆத்தா? செட்டியாருக்குப் பன்னிரண்டு வருடம் இந்தக் கையால்தானே ஊசி போட்டேன்" என்றார். பிறகு உள்ளே போனவர் வெகுநேரம் வரவில்லை. கோபம் என்று நினைத்தேன். திரும்பி வந்தபோது கையில் ஒரு சீனி டப்பா, ஒரு கரண்டி, ஒரு சீப்பு வாழைப்பழம். என் கட்டிலுக்குப் பக்கத்தில் மாடத்தில் வைத்தார்.

இரவு நீண்ட நேர இன்சுலினை ஐந்தில் ஒரு பங்கு குறைத்து 16 யூனிட் போட்டிருக்கிறேன். பகலில் உழைத்த உடம்பு தூக்கத்தில் சர்க்கரையை இறக்கும். பலருக்கு அது விடியற்காலைக்கு முன் நடக்கிறது. மூன்று மணிக்கு அலாரம்.

26 ஜனவரி 2025, ஞாயிறு – பிள்ளையார்பட்டி, குன்றக்குடி

மூன்று மணிக்கு 82. ஒரு டம்ளர் பாலும் ஒரு பழமும். பால் எடுக்க அடுப்படிக்குப் போனால் ஆச்சி விழித்திருந்தார். காய்ச்சிய பாலை மூடி வைத்துவிட்டு, அதன் பக்கத்திலேயே பலகையில் உட்கார்ந்திருந்தார்.

இன்று முறையை மாற்றினோம். ஊசி போட்டுச் சாப்பிட்டுவிட்டு மிதிப்பதற்குப் பதிலாக, சாப்பிடுவதற்கு முன்பே மிதிப்பது. விடியற்காலையில் சாப்பாட்டு இன்சுலின் எதுவும் உடம்பில் மிச்சம் இருக்காது. இரவு ஊசி மட்டும்தான். சர்க்கரை சரிகிற வேகம் வெகுவாகக் குறையும், சிலருக்குக் கொஞ்சம் ஏறவும் செய்யும். இந்த முறை குளுக்கோஸ் பொடியை இரண்டாகப் பிரித்து, ஒன்றைத் தம்பி சட்டைப் பையிலும் ஒன்றை என் இடுப்புப் பையிலும் வைத்துக்கொண்டோம். காரைக்குடிவரை சைக்கிள்களோடு ஒரு வண்டியில் போய், அங்கிருந்து இருட்டு விலகும்போது ஏறினோம். 148.

குன்றக்குடிப் படிகளை வேகமாக ஏறியபின் 163. ஏறியிருந்தது. குறுகிய நேரம் மூச்சு வாங்க உழைத்தால் அட்ரினலின் கல்லீரலைத் தட்டி எழுப்பிவிடும். இதைப் பார்த்துப் பதறி ஊசி போட்டால் ஒரு மணி நேரத்தில் நேற்றைய கதை திரும்பும். விட்டுவிட்டேன். மேலிருந்து பார்த்தால் கண்மாய்களும் ஓட்டுக் கூரைகளும் பனியில் கரைந்து தெரிந்தன. கீழே ஒரு பள்ளிக்கூடத்தில் கொடி ஏற்றத் தயாராகிக் கொண்டிருந்தார்கள். பிள்ளைகள் வரிசையாகக் காகிதக் கொடிகளோடு நின்றார்கள்.

பிள்ளையார்பட்டியில் ஞாயிற்றுக்கிழமைக் கூட்டம். பாறையில் குடைந்த வலம்புரிப் பிள்ளையாரை எட்டி நின்று பார்த்தோம். வெளியே 139. அங்கே கோயில் மண்டபத்துப் படியில், முதுகைத் திருப்பாமல் உட்கார்ந்து வயிற்றில் ஊசி போட்டேன். பக்கத்தில் பூக்கட்டிக்கொண்டிருந்த பெண் பார்த்தார், நகர்ந்து எனக்கு இடம் விட்டார், பூக்கட்டினார். அரை மணி நேரம் கழித்து ஆச்சி கட்டிக்கொடுத்த இலைப் பொட்டலத்தைப் பிரித்தோம். என் பொட்டலத்தில் சரியாக நான்கு இட்லி; தம்பியுடையதில் எட்டு.

மதியம் விடைபெறும்போது நோட்டுப் புத்தகத்தை எடுத்துக்கொண்டு அடுப்படியில் உட்கார்ந்தேன். வெள்ளைப் பணியாரத்துக்கு மாவுச்சத்துக் கணக்கு எந்தப் பட்டியலிலும் எனக்குக் கிடைத்ததில்லை. ஆச்சி பச்சரிசியை ஆழாக்கில் அளந்து, அதன் மேல் கோபுரமாக உளுந்தைக் குவித்துக் காட்டினார். அவருடைய சமையல் தராசில் வைத்தோம். அரிசி 200 கிராம், உளுந்து 30. அந்த மாவுக்கு அவர் கரண்டியில் இருபது பணியாரம் வரும். அரிசிக்கு 158, உளுந்துக்கு 18 என்று வைத்தால், மொத்தம் 176. இருபதால் வகுத்தால் ஒன்றுக்கு ஒன்பது கிராமுக்குச் சற்றுக் கீழே. முதல் நாள் இரவு நான் ஆறு என்று நினைத்தது. அந்த 204க்கும் காலை 188க்கும் கணக்கு கிடைத்துவிட்டது.

"ஒன்பது" என்று சத்தமாகச் சொல்லிப் பார்த்துக்கொண்டார் ஆச்சி. அடுப்படிச் சுவரில் மாட்டியிருந்த மாதக் காலண்டரின் ஓரத்தில், பென்சிலால் அதை எழுதி வைத்தார். பிறகு, கவுனி அரிசிக்கும் பார்த்துவிடலாம், பஸ்ஸுக்கு நேரம் இருக்கிறதா என்று கேட்டார்.

இருந்தது.